புராஸ்டேட் அழற்சிக்கான மருந்துகளும் ஐதராபாத் தரும் பாடமும்

ஆண்களின் உடலில் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதியைச் சூழ்ந்து அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. ஒரு நெல்லிக்காய் அளவே உள்ள இச்சுரப்பி விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. முதுமையில் இது பருத்துச் சிறுநீரைத் தடுப்பதைப் பலரும் அறிவர். இளைஞரையும் நடுத்தர வயதினரையும் வருத்தும் புராஸ்டேட் அழற்சியைப் பற்றி அறிந்தோர் குறைவு. நோயை வெளியே சொல்லக் கூச்சப்படுவதும், மருந்துக் கடையில் தாமே கேட்டு மாத்திரை வாங்குவதும் இந்நோயை நாள்பட்டதாக்கி விடுகின்றன.

நோயின் வகைகள்

இந்நோயை மருத்துவ உலகம் நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதலாவது, பாக்டீரியாக்களால் திடீரெனத் தோன்றும் கடும் அழற்சி. குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். இரண்டாவது, அதே கிருமிகள் சுரப்பியில் தங்கி மீண்டும் மீண்டும் தொல்லை தரும் நாட்பட்ட அழற்சி. மூன்றாவது, கிருமி எதுவும் காணப்படாமல் இடுப்புப் பகுதியில் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி. நான்காவது, எந்தத் தொல்லையும் தராமல் வேறு பரிசோதனையின்போது தற்செயலாக வெளிப்படுவது.

இவற்றுள் மூன்றாம் வகையினரே மிகப் பெரும்பாலோர். பாக்டீரியாவால் நேரும் அழற்சி பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. எனவே, சிறுநீரைப் பரிசோதித்துக் கிருமி உள்ளதா, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிவதே சிகிச்சையின் முதற்படி.

சுரப்பிக்குள் புகும் மருந்துகள்

பாக்டீரியா அழற்சிக்குப் பெரும்பாலும் காரணமாவது குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிர். அதைக் கொல்லும் மருந்துகள் பல உண்டு. ஆனால் அவை எல்லாம் புராஸ்டேட் சுரப்பிக்குள் புகுவதில்லை. இரத்தத்துக்கும் சுரப்பித் திசுவுக்கும் இடையே ஓர் இயற்கைத் தடுப்பு உள்ளது. கொழுப்பில் கரையக் கூடியவையும், இரத்தப் புரதங்களுடன் அதிகம் பிணையாதவையுமான மருந்துகளே அதை எளிதில் கடக்கும். கடும் அழற்சியின்போது இத்தடுப்பு தளர்ந்து விடுவதால் பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் ஊசி வழியே பயனளிக்கும். நாட்பட்ட அழற்சியிலோ தேர்வு மிகக் குறுகியது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினோலோன் மருந்துகளும், டிரைமெத்தோபிரிமும் அவற்றுள் முதன்மையானவை. கடும் அழற்சிக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களும், நாட்பட்டதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களும் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். வலி குறைந்ததும் பாதியில் நிறுத்தினால் கிருமி சுரப்பியிலேயே தங்கி விடும்.

கிருமி இல்லாத மூன்றாம் வகைக்கு வலி நீக்கும் மருந்துகளும், சிறுநீர்ப்பை வாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், அல்ஃபுசோசின் போன்றவையும், இடுப்புத் தசைப் பயிற்சியும் பயன்படுகின்றன. இவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லிகளைத் திரும்பத் திரும்பத் தருவதால் பயனில்லை, தீங்கே உண்டு. ஃப்ளூரோகுவினோலோன்கள் தசைநாண் அறுதல், நரம்புக் கோளாறு போன்ற விளைவுகளைத் தரக் கூடும். இது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-ல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2016-ல் அதை மேலும் விரிவாக்கியது.

ஐதராபாத்தின் பங்கு

இம்மருந்துகள் இந்தியாவில் எளிய மக்களுக்கும் எட்டும் விலையில் கிடைத்ததில் ஐதராபாத் நகருக்குப் பெரும் பங்கு உண்டு. 1961-ல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்திய மருந்து மற்றும் மருந்துப் பொருள் நிறுவனம், சோவியத் நாட்டின் உதவியுடன் இங்கு செயற்கை மருந்துத் தொழிற்சாலையை அமைத்தது. பிற்காலத்தில் அந்நிறுவனம் நலிவுற்றது. எனினும் அங்கு பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் தனியார் துறைக்கு அடித்தளம் இட்டனர். அவர்களுள் ஒருவரான கே. அஞ்சி ரெட்டி 1984-ல் தொடங்கிய நிறுவனம் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றின் மூலப் பொருள்களைத் தயாரித்து அயல்நாடுகளுக்கும் அனுப்பியது. 1972-ல் நடைமுறைக்கு வந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இதற்குத் துணை நின்றது. மருந்துப் பொருளுக்கு அன்றி, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே அச்சட்டம் உரிமை அளித்தது. ஆகவே, மாற்று முறையில் அதே மருந்தைச் செய்ய வழி இருந்தது. 2005-ல் பொருள் காப்புரிமை மீண்டும் வருவதற்குள் ஐதராபாத் நாட்டின் மூல மருந்து உற்பத்தியில் முன்னணி நகராகி விட்டது.

கழிவுநீரில் கலந்த மருந்து

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். சுத்திகரித்து வெளியேற்றப்பட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அம்மாத்திரையை உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவை விட இது பன்மடங்கு மிகுதி. அந்நீர் சென்ற ஆற்றின் வண்டலில் மருந்து எதிர்ப்புத் திறனைத் தரும் மரபணுக்கள் செறிந்திருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

மருந்து எதிர்ப்புத் திறன் பெருகியதற்குக் கழிவுநீர் மட்டுமே காரணம் அன்று. தேவையற்ற மருந்துச் சீட்டுகள், சீட்டே இல்லாத விற்பனை, கால்நடை வளர்ப்பில் பயன்பாடு ஆகியவையும் காரணங்களே. விளைவு ஒன்றுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், பெரிய மருத்துவமனைகளில் பிரித்தெடுக்கப்படும் ஈ.கோலை கிருமிகளுள் பெரும்பாலானவை ஃப்ளூரோகுவினோலோன்களுக்குக் கட்டுப்படுவதில்லை. புராஸ்டேட் நோயாளிக்கு இது இரட்டை இழப்பு. சுரப்பிக்குள் புகும் மருந்து கிருமியைக் கொல்வதில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து பலவும் சுரப்பிக்குள் எளிதில் புகுவதில்லை. எஞ்சியிருப்பவை ஃபாஸ்ஃபோமைசின் போன்ற சிலவும், விலை மிகுந்த ஊசி மருந்துகளுமே.

செய்ய வேண்டுவன

2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணை, லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கப் பணிக்கிறது. 2017-ல் மருந்து எதிர்ப்புத் திறனுக்கு எதிரான தேசியச் செயல் திட்டம் வெளியிடப்பட்டது. தொழிற்சாலைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவு விதிகள் 2020 ஜனவரியில் வெளிவந்தன. 2021-ல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கழிவுக்கு வழிகாட்டு நெறிகளை அளித்துள்ளது.

பதிவேடு முறையாக எழுதப்படுகிறதா என்பதை மருந்து ஆய்வாளரும், கழிவுநீரில் மருந்து எச்சம் எவ்வளவு என்பதை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலரும் பார்ப்பது ஒரே பணியின் இரு பகுதிகள். மருத்துவர் பரிசோதனைக்குப் பின்னரே மருந்து எழுதுவதும், நோயாளி குறித்த நாள் வரை அதை உட்கொள்வதும் அதே பணியைச் சேர்ந்தவையே. மலிவான மருந்தை மக்களுக்குத் தந்தது ஒரு தலைமுறையின் சாதனை. அம்மருந்து பயன் குன்றாமல் காப்பது அடுத்த தலைமுறையின் கடமை.