புத்தகத்தை மூடினால் பயம் குறையும்

சென்னை பாடியில் உள்ள திருவலிதாயம் கோயில் குரு பகவான் தலமாகப் பெயர் பெற்றது. பிள்ளைகளின் படிப்புக்காக வேண்டிக்கொள்ள வரும் பெற்றோரும் அங்கே உண்டு. மார்ச் மாதப் பொதுத் தேர்வு தொடங்கிவிட்டால் இவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "நல்லாத்தான் படிச்சான். ஹாலுக்குள்ள போனதும் எல்லாம் மறந்துபோச்சுங்கிறான்." பிள்ளை சாக்கு சொல்கிறான் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவன் சொல்வது உண்மை. ஏன் இப்படி நடக்கிறது என்பதையும், எப்படித் தடுக்கலாம் என்பதையும் அறிவியல் கண்டறிந்திருக்கிறது.

படித்தது எங்கே போகிறது?

ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. தொடர்ந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். நினைவுகளைத் தேடி எடுப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. கார்டிசாலை உணரும் ஏற்பிகள் அங்கே ஏராளம். அதனால் கார்டிசால் மிகும்போது தேடல் தடுமாறுகிறது. படித்த பாடம் அழிந்துவிடுவதில்லை, அந்த நேரத்தில் கைக்கு எட்டுவதில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடை நினைவுக்கு வருவது இதனால்தான்.

பதற்றம் துளியும் இருக்கக் கூடாது என்பதில்லை. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில், கடினமான ஒன்றைக் கற்பதற்கு மிதமான தூண்டுதலே உதவியது. தூண்டுதல் மிஞ்சியபோது கற்றல் தடைப்பட்டது.

எழுதிப் பார்த்தவர்கள் தப்பினார்கள்

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனை, தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டியது. 120 பேருக்குச் சில சொற்களும் படங்களும் காட்டப்பட்டன. ஒரு பிரிவினர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகினார்கள். மறுநாள் இரு பிரிவிலும் பாதிப் பேரை, முன்தயாரிப்பு இல்லாமல் நடுவர்கள் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற வைத்தார்கள். பிறகு நினைவைச் சோதித்தபோது, பார்த்துப் படித்தவர்களில் பதறியவர்கள் நிறைய மறந்திருந்தார்கள். நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களோ பதற்றத்திலும் நினைவு குன்றாமல் இருந்தார்கள்.

அப்படியானால் ஏன் எல்லோரும் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்? அது தெரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படித்த 5 நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிச் சென்றிருந்தார்கள். பொதுத் தேர்வுக்குத் தேவை ஐந்து நிமிட நினைவு இல்லை.

டியூஷன் இல்லாமலே முடியும்

லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் பாடி. ஷிப்டுக்குப் போய்வரும் அப்பாவும், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அம்மாவும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எளிதல்ல. நினைவிலிருந்து எழுதிப் பழகும் இந்த முறைக்கு அப்படி ஒருவர் உட்கார வேண்டியதும் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓம் விதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். வெள்ளைத் தாளில் விதி, சூத்திரம், படம் மூன்றையும் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையில் திருத்த வேண்டும். மறுநாள் ஒரு முறை, சில நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இதையே செய்ய வேண்டும். புக் பேக் கேள்விகளையும் கைடைப் பார்க்காமல்தான் எழுத வேண்டும். சிவப்பு மை குறையக் குறைய, தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பிள்ளைக்கே விளங்கும். தானாகக் கற்பது இங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "எவ்வளவு மார்க் வரும்?" என்று கேட்பதை விட்டு, "இன்னைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். ஆலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் அப்பாவுக்கு மகள் மின்னோட்டத்தை விளக்கினால், அதுவும் நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சிதான்.

தானே கற்பது சென்னைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில், 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. குழந்தை தன் படிநிலைக்கு உரிய அட்டையைத் தானே எடுத்து, கற்று, முடித்து அடுத்த படிக்குப் போகும். சில ஆண்டுகளில் அது தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. எட்டு வயதில் முடிந்தது பதினைந்து வயதில் முடியாமல் போகாது.

தேர்வறையில்

மனத்தில் அரிப்பதை எழுதித் தீர்ப்பதும் பலன் தரும். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பைலாக் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். தேர்வு குறித்து அதிகம் பயப்படும் மாணவர்களுக்கே இது மிகவும் உதவியது. வினாத்தாள் வாசிக்கத் தரப்படும் முதல் 10 நிமிடத்தில் மூச்சை மெதுவாக விட்டு, நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து தொடங்குங்கள். முந்தைய இரவு கண்விழிக்க வேண்டாம். படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான்.

மாநில ரேங்க் அறிவிப்பைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆனால் ஒப்பீடு வீடுகளில் இன்னும் ஓயவில்லை. தவறினாலும் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதலாம், ஆண்டு வீணாகாது என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, பேச்சும் குறைந்தால் காத்திருக்காதீர்கள். 104, 14416 ஆகிய இலவச எண்களில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றே அழையுங்கள்.