குடும்பத்தின் மொத்த ஆவணமும் ஒரே பென் டிரைவிலா? தோட்ட மக்கள் கவனிக்க வேண்டியவை

கேமரன்மலை – தேயிலைத் தோட்ட வீடுகளில் அலமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருப்பது வழக்கம். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ்கள், ஊழியர் சேமநிதிக் கடிதங்கள், தாத்தா பாட்டியின் மங்கிய புகைப்படம் என்று குடும்பத்தின் வரலாறே அதற்குள் இருக்கும். இன்று அந்தப் பெட்டியின் வேலையைப் பல வீடுகளில் விரல் நீளமுள்ள பென் டிரைவ் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் செய்த பத்திரங்களும் மாரியம்மன் திருவிழா வீடியோவும் மகளின் எஸ்பிஎம் சான்றிதழும் ஒன்றாகச் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.

தகரப் பெட்டி தொலைந்துபோவது அரிது. சாவிக்கொத்து தொலைவது அப்படியல்ல. இளையவர்கள் வேலைக்காக ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்ட நிலையில், வீட்டில் இருக்கும் ஒரே பென் டிரைவ் பழுதானால் அதைச் சரிபார்க்கவும் பக்கத்தில் ஆள் இருக்காது. பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ தொலைந்தால் தேசியப் பதிவிலாகாவில் மறுபிரதி கேட்கலாம். தாத்தாவின் ஒரே படத்திற்கு எந்த இலாகாவிலும் மறுபிரதி கிடையாது.

இந்தச் சிறு கருவியின் கதையில் மலேசியருக்கும் பங்குண்டு. சிலாங்கூர், செகிஞ்சானில் பிறந்த புவா கெயின் செங், தைவானில் படித்து, நண்பர்களோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். பென் டிரைவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒரே சில்லுக்குள் அடக்கியது அவருடைய குழுவின் சாதனை. அதனால்தான் நம் நாட்டில் அவரைப் ‘பென் டிரைவின் தந்தை’ என்கிறார்கள். இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ், சிங்கப்பூரின் டிரெக் 2000, சீனாவின் நெட்டாக் ஆகிய நிறுவனங்களும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் ‘விரலி’ என்று ஒரு பெயரும் புழங்குகிறது. நல்ல சொல்தான், ஆனால் மளிகைக் கடையில் கேட்டால் மஞ்சள் கிழங்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மலைக் குளிர் நல்லது, ஈரம் ஆகாது

பென் டிரைவுக்குள் சுழலும் தட்டு எதுவும் இல்லை. சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டம் அடைத்து வைக்கப்படுகிறது. அது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் எழுத்தும் படமும் பாட்டும் திரும்பப் படிக்கப்படுகின்றன. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய தொழில்நுட்பம் இது.

அடைத்து வைத்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அறையின் சுவர் சற்றே தேயும். தேய்ந்த சுவரில் கசிவு இன்னும் கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் அந்த வெப்பமும் கசிவை விரைவுபடுத்தும். இந்த வகையில் மலைவாசிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கேமரன்மலையின் குளிர், சில்லுக்கு நல்லதே.

தொல்லை ஈரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் தூறலும் மாறி மாறி வரும் இடத்தில், மூடியில்லாத பென் டிரைவின் உலோக முனை நாளடைவில் கறுத்துத் துருப்பிடிக்கும். புதுக் காலணிப் பெட்டியில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அதற்குள் வைத்தால் போதும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை கணினியில் செருகி, சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்ப்பது நல்லது. பழுது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஏடு பெயர்த்து எழுதிய வழக்கம்

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பனையோலை நினைவுக்கு வராமல் இருக்காது. நம் சங்க நூல்கள் இன்று கையில் இருப்பதற்கு ஓலையின் உறுதி மட்டும் காரணமல்ல. ஓலை சில நூறாண்டுகள் தாங்கலாம். கரையானும் ஈரமும் அதற்குள்ளேயே தின்றுவிடுவதும் உண்டு. பழைய ஏடு சிதையும் முன் யாரோ ஒருவர் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார், அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். அந்தச் சங்கிலி அறுந்த நூல்கள் பெயரளவில்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதன் ஆபத்தும் தமிழருக்குத் தெரியாததல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின.

வீட்டு அளவில் அந்தச் சங்கிலியைத் தொடர்வது கடினமில்லை. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று கணினியிலோ வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கிலோ, மூன்றாவது வேறு ஊரில். இந்த ‘வேறு ஊர்’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு நவம்பரிலும் ரிங்லெட் வட்டாரத்தில் மண்வெள்ளம் வந்தது. ஒரே வீட்டில் மூன்று படிகள் வைத்திருந்தாலும் வெள்ளத்திற்கு அது ஒரே படிதான். ஈப்போவில் இருக்கும் மகனிடமோ கிள்ளானில் இருக்கும் அக்காவிடமோ ஒரு பென் டிரைவ் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது புதியதைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொள்ளலாம். கூகள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பும் ‘வேறு ஊர்’ கணக்கில் சேரும். தோட்டத்தின் உட்பகுதிகளில் அலைக்கற்றை சரியாகக் கிடைக்காதவர்கள், பட்டணம் போகும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம்.

பிரிண்ட் கடைக்கு எதைக் கொண்டுபோவது?

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். உதவித்தொகை விண்ணப்பத்திற்கு ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டும் என்று குடும்பத்தின் மொத்தச் சொத்தும் உள்ள பென் டிரைவைக் கடைக் கணினியில் செருகுகிறோம். அன்று காலையிலிருந்து எத்தனை பேருடைய பென் டிரைவ் அதில் ஏறி இறங்கியது என்பது கடைக்காரருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்புறையின் ஓரத்திலும் சிறிய அம்புக்குறி தெரியும். இது ‘ஷார்ட்கட் வைரஸ்’. உண்மையான கோப்புறையை அது மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வைக்கும். போலியை அழுத்தினால் வைரஸ் ஓடத் தொடங்கும். “எல்லாம் போய்விட்டதே” என்று பதறி ஃபார்மட் செய்துவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. அம்புக்குறி உள்ள எதையும் அழுத்தாமல், முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் பென் டிரைவை முழுமையாகச் சோதிக்க வேண்டும். பிறகு விண்டோஸ் அமைப்பில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கினால், பழைய கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வேறிடத்தில் படியெடுத்துவிட்டு, அதற்குப் பின் ஃபார்மட் செய்யலாம்.

இதற்கு எளிய வழி, வெளியே எடுத்துப்போக ஒரு சிறிய பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்வது. அதில் அன்றைக்கு அச்செடுக்க வேண்டிய கோப்பு மட்டும் இருந்தால் போதும். வீட்டு பென் டிரைவ் வீட்டைத் தாண்டக் கூடாது.

கீழே கிடந்த பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே போட்டு வைத்துப் பார்த்தார்கள். 98 விழுக்காடு எடுக்கப்பட்டன. குறைந்தது 45 விழுக்காட்டில் ஏதோ ஒரு கோப்பு திறக்கப்பட்டது. 2016இல் வெளியான இந்த முடிவு, ஆர்வம் படித்தவர்களையும் விடாது என்று காட்டியது. சில கருவிகள் பார்வைக்குப் பென் டிரைவ் போல இருந்தாலும், கணினியிடம் தம்மை ஒரு விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். அதைச் சாதாரண வைரஸ் சோதனை கண்டுபிடிக்காது.

தொலைந்தால் யார் கையில் கிடைக்கும்?

வைரஸைவிடக் கவலைக்குரியது, அடையாளக் கார்டு, வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் படங்கள் பூட்டே இல்லாமல் கிடப்பது. அவை மோசடிக்காரர் கையில் சேர்ந்தால், தெரியாமலே நம் பெயரில் கடன் கேட்கவும் கைப்பேசி எண் பதியவும் முயல்வார்கள்.

2022 ஜூனில் ஜப்பானின் அமகாசாகி நகரில் நடந்தது உலகச் செய்தியானது. நகரவாசிகள் ஏறக்குறைய 4 லட்சத்து 60 ஆயிரம் பேரின் விவரங்கள் அடங்கிய யூஎஸ்பி டிரைவைப் பையில் வைத்திருந்த ஒப்பந்த ஊழியர், மது அருந்திவிட்டுத் தெருவில் உறங்கிப்போனார். எழுந்தபோது பையைக் காணோம். பின்னர் பை கிடைத்தது. விவரங்களும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தன. (அந்தக் கடவுச்சொல்லில் எத்தனை எழுத்துகள் என்பதைச் செய்தியாளர் கூட்டத்தில் அதிகாரியே சொல்லிவிட்டது தனிக் கதை.) பூட்டு இருந்ததால் அந்த நகரம் மூச்சுவிட முடிந்தது.

நம் வீட்டுக்கும் அதே பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது. 7-ஜிப் மென்பொருளில் கோப்புகளைச் சுருக்கும்போது கடவுச்சொல் இட்டு, ஏஇஎஸ்-256 முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். முழு பென் டிரைவையும் பூட்ட விரும்புவோர் வெராகிரிப்ட் பயன்படுத்தலாம். விண்டோஸின் புரோ பதிப்பு இருந்தால் பிட்லாக்கர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. பிறந்த தேதியை வைக்காமல், நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்து, ஒரு தாளில் எழுதி அந்தப் பழைய தகரப் பெட்டியில் போட்டுவிடலாம். அதற்கு இன்னமும் வேலை இருக்கிறது.

அடையாளக் கார்டின் நகலை யாருக்காவது கொடுக்கும்போது, அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைத் தேதியோடு எழுதும் பழக்கம் ஸ்கேன் படத்திற்கும் பொருந்தும். மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும்.

பழைய பென் டிரைவை அடுத்தவருக்குக் கொடுப்பதிலும் கவனம் தேவை. ‘டெலிட்’ செய்தாலும் விரைவு ஃபார்மட் செய்தாலும் பெயர்ப் பட்டியல் மட்டுமே அழிகிறது; உள்ளே இருப்பவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே மீட்டுவிடும். தவறுதலாக அழித்தவர்களுக்கு இது வரம், பத்திரங்களை அழித்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு ஆபத்து. அடையாளக் கார்டு இருந்த பென் டிரைவைக் கொடுக்காமல் உடைத்துவிடுவதே பாதுகாப்பு.

20 ரிங்கிட்டுக்கு 2 டிபி?

இணையக் கடைகளில் 2 டெராபைட் பென் டிரைவ் இருபது முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைப்பதாக விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சில்லாக இருக்கலாம்; கணினியிடம் பொய் சொல்லும்படி கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றியிருப்பார்கள். கொள்ளளவு நிறைந்த பிறகு ஏற்றும் கோப்புகள் எங்கும் பதியாமல் போகும், அல்லது பழையவற்றின் மேல் பதியும். பெயர்கள் மட்டும் பட்டியலில் தெரியும். கல்யாண வீடியோவைத் திறக்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென் டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே சோதித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் அது மோசடி அல்ல. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். லோரியிலும் லேண்ட் ரோவரிலும் பாட்டுக் கேட்பவர்கள் மட்டும் மாற்ற வேண்டாம். பழைய வானொலிப் பெட்டிகள் பல ஃபேட்32 மட்டுமே படிக்கும்.

மீந்த பென் டிரைவில் செய்யக்கூடியவை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், பல வீடுகளில் பழைய மடிக்கணினி ஓரமாகக் கிடக்கிறது. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் மென்பொருள் வழியாக லினக்ஸ் மின்ட் ஏற்றினால், மடிக்கணினியில் எதையும் மாற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளலாம். இணையம் எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி, கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துவிட்டால், இணையமே இல்லாமல் தேடிப் படிக்கலாம்.

தோட்டத்தின் நினைவுகளைச் சேர்ப்பதும் ஒரு நல்ல வேலை. போ நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது, ஏறக்குறைய நூறாண்டுகள். கொழுந்து பறித்த தலைமுறை பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. இலங்கை மலையகத் தமிழரின் ஆவணங்களை நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வருவதுபோல, இங்கே ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர் குழு கைப்பேசியில் பதிவு செய்தே தொடங்கலாம். பாட்டியின் அனுமதியை முதலில் கேட்க வேண்டும்.

கைப்பேசி தானாக வைக்கும் எண்ணை அப்படியே விட்டால், இருபது ஆண்டு கழித்து அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. கோப்பின் பெயரிலேயே பாடியவர், தோட்டம், ஆண்டு மூன்றையும் தமிழில் எழுதிவிடலாம். பழைய குழுப் படமாக இருந்தால், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தட்டச்சு செய்து, அதே கோப்புறையில் ஒரு சிறு உரைக்கோப்பாகச் சேர்த்துவிட வேண்டும். பெயர் சொல்லக்கூடியவர் அந்த வீட்டிலேயே இருக்கும்போது இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.