எழுதத் தெரிந்தவரே எழுதக் கற்பிப்பார்



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் எனத் தென்சென்னைப் புறநகர்களில் வாழும் நம் குடும்பங்களில், பட்டம் பெற்ற பெண்மக்கள் பலர் அடுத்து நாடுவது பி.எட். என்னும் கல்வியியல் பட்டத்தையே. "பள்ளிக்கூட வேலை, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்" என்று பெற்றோரும் மனம் ஒப்பிச் சேர்க்கின்றனர். நல்லது. ஆனால் அப்பட்டத்தை முடித்து வரும் ஆசிரியை, நாளை நம் பிள்ளைக்குப் பிழையின்றி ஒரு பத்தி எழுதக் கற்றுக்கொடுக்க வல்லவராக வருகிறாரா? கட்டுரையைச் செல்பேசியே எழுதித் தரும் இந்நாளில் இக்கேள்வியைத் தள்ளிப்போட இயலாது.

சைதாப்பேட்டையும் காரப்பாக்கமும்

ஆசிரியரை உருவாக்கும் கலையில் நம் பகுதி புதியதன்று. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கினால், 1856-இல் ஆசிரியர் பயிற்சிக்கென்றே தொடங்கப்பட்ட பள்ளியின் வழிவந்த கல்வியியல் மேம்பாட்டு நிறுவனத்தைக் காணலாம். குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றது அங்கேதான். இன்னொரு பக்கம், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய காரப்பாக்கத்தில், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்., தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாயிற்று. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என 20 வாரங்கள் பள்ளியோடு இணைந்த பயிற்சி வகுக்கப்பட்டது. நூல்களைப் படித்துச் சிந்தித்தல், எல்லாப் பாடங்களிலும் மொழியின் இடம், தகவல் தொழில்நுட்பத்தைச் சீர்தூக்கி அறிதல் ஆகியவையும் அந்தக் கலைத்திட்டத்தில் இடம்பெற்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மொழி ஒரு தாளில் இருக்கிறது. கணினி வேறொரு தாளில் இருக்கிறது. கணினியின் துணைகொண்டு எழுதக் கற்பிப்பது எப்படி என்னும் தனித்தாள் அதில் இல்லை. இரண்டையும் முடிச்சிடும் பொறுப்பு பேராசிரியர் கையில் விடப்பட்டிருக்கிறது. அவர் முடிச்சிடாவிட்டால் கணினித் தாள், படக்காட்சி தயாரிப்பதோடு நின்றுவிடும். எழுத்துப் பயிற்சியோ, 'ரெக்கார்டு நோட்டை' நிரப்புவதாகச் சுருங்கிவிடும். முன்பு மூத்த மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளியானபின் அந்தச் சிரமமும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் பாடத்திட்டம் வந்து விழுகிறது. நோட்டு நிறைகிறது, எழுதும் கை மட்டும் பழகவில்லை.

விசைப்பலகைக்குள் இலக்கணம்

அப்படியானால் கருவியை விலக்கிவிடுவதா? இல்லை. கருவிக்குள்ளும் பாடம் இருக்கிறது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. தமிழக அரசும் அதனை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்தன. அதில் 'க' என்பதை இருமுறை தட்டினால் முதலெழுத்து தானே புள்ளி பெற்று 'க்க' என்றாகும். 'ந'வை அடுத்துத் 'த' தட்டினால் 'ந்த'. 'ண'வை அடுத்து 'ட' தட்டினால் 'ண்ட'. நம் இலக்கணம் இனவெழுத்து என்று சொல்லும் உறவையே அக்கருவி பின்பற்றுகிறது. இதை வகுப்பில் காட்டும் ஆசிரியை, தட்டச்சையும் இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் கற்பிக்கிறார். ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்துத் தட்டும் பிள்ளைக்கு இந்தப் பயன் கிட்டுவதில்லை.

எழுத்துக் கருவியை நம் தேவைக்கு வளைத்துக்கொள்வது நம் சமுதாயத்துக்குப் பழகிய செயலுமாகும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து அரபுத் தமிழை ஆக்கினார்கள் முன்னோர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) போன்றோர் அதில் நூல்கள் இயற்றினர். 19-ஆம் நூற்றாண்டில் கல்லச்சு வந்ததும் அந்நூல்கள் அச்சேறி இல்லங்களை அடைந்தன. பெண்களும் மார்க்கச் சட்டங்களை அவற்றின் வழியே கற்றனர். கருவி புதிதானபோது அவர்கள் அஞ்சவில்லை. எழுதும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடவும் இல்லை.

ஆசிரியர் முதலில் எழுதட்டும்

1974-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் பள்ளி ஆசிரியர்களுக்கென ஓர் எழுத்துப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் தாமும் எழுத வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் கற்பிக்க முடியுமா?

இந்த அடிப்படையில் நம் பகுதிக் கல்லூரியொன்றில் இப்பாடத்தை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் பட்ட பாட்டை நாம் அறிவோம். அதையே பொருளாகக் கொடுக்கலாம்.

முதல் வாரம், ஒவ்வொருவரும் தாம் கண்டதையோ வீட்டார் சொல்லக் கேட்டதையோ வகுப்பிலேயே கையால் எழுதட்டும். அடுத்த வாரம் அதைக் கணினியில் ஏற்றித் திருத்தட்டும். 'கூகுள் டாக்ஸ்' போன்றவை முந்தைய வடிவங்களைச் சேமித்து வைப்பதால், எந்த வரி எப்போது மாறியது என்பதைப் பேராசிரியரும் மாணவியும் சேர்ந்து பார்க்கலாம். மூன்றாம் வாரம் அதே செய்தியைச் செல்பேசியிடம் வாயால் சொல்லி எழுதச் செய்யட்டும். ழகர ளகர மயக்கமும், விடுபட்ட ஒற்றும், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமும் அப்போது கண்ணில் படும்.

நான்காவதாக, இயந்திரத்திடமே வெள்ளத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்கட்டும். தங்குதடையற்ற நடையில் அது எழுதித் தரும். ஆனால் தண்ணீர் எத்தனையாவது படியில் நின்றது, மாடிக்கு முதலில் எதைத் தூக்கிச் சென்றார்கள், பால் பாக்கெட் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பவை அதற்குத் தெரியா. அவற்றை அறிந்தவர் அந்த வீட்டுப் பெண். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவிக்கு, தாம் ஏன் எழுத வேண்டும் என்பதை வேறெவரும் விளக்கத் தேவையில்லை.

பின்னர் வரும் பள்ளிப் பயிற்சியில், ஐந்து பிள்ளைகளின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் செல்பேசியில் படமெடுத்து வைத்து, எந்தக் குறிப்புரை எந்தப் பிழையை நீக்கியது என்று ஆராயட்டும். விலையுயர்ந்த 'ஸ்மார்ட்' வகுப்பறை இதற்கு வேண்டியதில்லை. மதிப்பெண்ணும் முடிந்த தாளுக்கு மட்டுமன்றி, வந்த வழிக்கும் கிடைக்க வேண்டும். மதரஸாக்களில் முன்பு மரப்பலகையில் எழுதி, உஸ்தாத் பார்த்து, கழுவி, மீண்டும் எழுதினார்கள். அந்தத் திருத்தமே கல்வியாக இருந்தது. கணினி செய்யக்கூடிய பேருதவி, கழுவப்பட்டதையும் காட்டுவதுதான்.

இல்லத்தார் கடமை

பாடத்திட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பி.எட். பயிலும் மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால், காசு கொடுத்து ரெக்கார்டு எழுதி வாங்கும் வழக்கத்துக்குத் துணைபோகாதீர்கள். சமையலறையிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் அவரை விடுவியுங்கள். பாட்டியின் இளமைக் காலத்தைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதைக் குடும்பத்தார் முன் உரக்கப் படிக்கச் செய்து, புரியாத இடத்தைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். மீண்டும் திருத்தி எழுதட்டும்.

அப்படி எழுதிப் பழகிய ஆசிரியை வகுப்பறைக்குள் நுழைந்தால், பிள்ளை கொண்டுவரும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அது பிள்ளையின் எழுத்தா, கருவியின் எழுத்தா என்று கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைப்போம்.