விட்டு வந்தவர்கள் – 7: ஒரு டாக்டர் கட்டிவைத்த வாசல்

போன வாரம் சி.வி.ராமனைக் கல்கத்தா டிராமில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். 1907, பதினெட்டு வயது, நிதித்துறையில் பெரிய உத்தியோகம், புது மனைவி லோகசுந்தரி. மற்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த உத்தியோகத்தை 1917-இல் அவர் விட்டதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். தேடப்போன இடத்தில் மகேந்திரலால் சர்க்கார் என்னைப் பிடித்துக்கொண்டார். நான்கு நாளாக அவர் நினைப்புதான்.

டிராமிலிருந்து ராமன் கண்டது, 210 பௌபஜார் தெருவில் தொங்கிய ஒரு பெயர்ப்பலகை. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876-இல் அதைத் தொடங்கியவர் இந்த மகேந்திரலால். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் எம்.டி.; அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது ஆள். ஹோமியோபதியை டாக்டர்கள் சங்கத்தில் எழுந்து நின்று சாடியவர். ஒரு ஹோமியோபதிப் புத்தகம் மதிப்புரைக்கு வந்தபோது, கிழித்துவிடலாம் என்றுதான் கையில் எடுத்தார். எழுதுவதற்கு முன் நோயாளிகளையும் பார்த்துவிடுவோம் என்று, ஹோமியோபதி வைத்தியம் செய்துகொண்டிருந்த ராஜேந்திரலால் தத்தாவோடு போனார். பார்த்தது அவரை அசைத்துவிட்டது. 1867-இல், முன்பு சாடிய அதே சங்கத்தில், அதே டாக்டர்கள் முன்னால், தன் மனம் மாறிவிட்டதை வாசித்தார். சகாக்கள் ஒதுக்கினார்கள். நோயாளிகள் வரவு மளமளவென்று குறைந்தது.

ஹோமியோபதி சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஊரே கைகூப்பும் ஒரு டாக்டர், தனக்குச் சரியென்று பட்டதைச் சொல்ல வேறு ஊருக்கோ வேறு மேடைக்கோ போகவில்லையே, அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பிறகு தொழில் மீண்டது. 1885-இல் ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான்.

மீளாதது கழகம். வீடுவீடாக நன்கொடை கேட்டார், கட்டடம் எழுந்தது, சொற்பொழிவுகள் நடந்தன. ஆராய்ச்சியே கதி என்று இருக்க ஆள் வரவில்லை. அந்த ஏக்கத்தோடு 1904-இல் கண்ணை மூடினார். மூன்றே வருடத்தில் ராமன் கதவைத் தட்டுகிறார்! இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா மனிதர்?

கதவைத் திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த ஆஷுதோஷ் டே. அன்றிலிருந்து ராமனுக்கு வலதுகை.

வங்கியில் வேலைபார்க்கும் வாசகி ஒருவர், ‘விடுவதற்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்?’ என்று கேட்டிருக்கிறார். அம்மா, ராமனின் அந்தப் பத்து வருடத்தைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு, அவசரக் குளியல், அள்ளிப்போட்ட சாப்பாடு, ஆபீஸ். மாலை ஐந்துக்கு நேரே மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அப்பா இறந்து, விடுப்பில் சென்னை வந்தபோதுகூட மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றார். 1911-இல் கல்கத்தா திரும்பியதும் கழகத்தை ஒட்டியே வீடு பிடித்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைத்துக்கொண்டார், நினைத்த நேரத்தில் உள்ளே போவதற்கு. அவர் ராஜினாமா எழுதத் தொடங்கியது அந்தக் கதவை வைத்த அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லோகசுந்தரி அம்மாள் எத்தனை இரவு சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தாரோ, அந்தக் கணக்கையும் இதில் சேர்க்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுக்கவேண்டும். இன்னொரு ஆஷுதோஷ் காத்திருக்கிறார், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆஷுதோஷ் முகர்ஜி. அவர் நீட்டிய பாலித் பேராசிரியர் பதவியில் வருமானம் குறைவு. வெளிநாடு போய்ப் பயின்று வரவேண்டும் என்ற நிபந்தனை வேறு. ராமன் போகமாட்டேன் என்றார். அது அடுத்த வாரம்.

(தொடரும்)