கொல்ப் ஆட்டமும் பிழைப்பும்



மாத்தளைப் பகுதியில் அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன் நான். சில மாதங்களுக்கு முன் எமது ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு "நான் விரும்பும் தொழில்" என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தோம். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்ற வழக்கமான வரிசைக்கு நடுவே, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் சிறுவன் ஒருவன், தான் கொல்ப் ஆட்டக்காரனாக வர விரும்புவதாக எழுதியிருந்தான். மலைக்கு அப்பால், கண்டி மாவட்டத்துத் திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாகக் கொல்ப் மைதானம் ஒன்று உண்டு. அவனுடைய அண்ணன் அங்கே ஆட்டக்காரரின் பை சுமப்பவன். கட்டுரையைத் திருத்திய ஆசிரியர், "இது தொழிலன்று, பணக்காரர் பொழுதுபோக்கு" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டார். பையன் தாளோடு என்னிடம் வந்து, "சேர், இதைச் செய்து சீவிக்க ஏலாதா?" என்று கேட்டான். அவனுக்கு அன்று கூறிய விடையையே சற்று விரித்து இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

ஆசிரியர் எழுதியது முழுப் பொய்யன்று. 1879இல் கொழும்பிலும் 1889இல் நுவரெலியாவிலும் கொல்ப் கழகங்களை நிறுவியவர்கள் ஆங்கிலேயர். துரைமார் பந்தடித்தனர், எம்மவர் புல் வெட்டினர், பை சுமந்தனர். இந்தியாவிலும் இதே நிலைதான். ஆயினும் பை சுமப்பவனுக்குக் கண் உண்டு என்பதைத் துரைமார் கருதவில்லை. நாள் முழுவதும் பிறர் அடிப்பதைக் கண்டு, மாலையில் ஆளில்லாத நேரத்தில் பழைய கோலொன்றால் தானும் அடித்துப் பார்ப்பவனுக்கு அதைவிட வேறு பள்ளிக்கூடம் எதற்கு? டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் என்பவர், 1991இல் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அவரினும் நெடிய கதை சிவசங்கர் பிரசாத் சௌராசியாவினுடையது. கல்கத்தாவின் றோயல் கொல்ப் கழகம் 1829இல் தோன்றியது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழைய கழகம் இல்லை. அங்கே புற்றரை பேணும் பணியாளராக இருந்தவரின் மகன் இவர். 1978இல் பிறந்தவர். ஆசான் எவருமின்றித் தாமாகவே பயின்று, 1997இல், பத்தொன்பதாம் வயதில், தொழில்முறை ஆட்டக்காரரானார்.

தொழில்முறை என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் வீரர்க்கு ஒப்பந்தம் உண்டு; எமக்கு மாதச் சம்பளம் உண்டு. கொல்ப் ஆட்டக்காரர்க்கு இரண்டும் இல்லை. பெரும்பாலான போட்டிகள் நான்கு நாள் நடக்கும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள். மிகக் குறைந்த அடிகளில் எழுபத்திரண்டு குழிகளையும் முடிப்பவரே வெற்றியாளர். இரண்டாம் நாள் மாலையில் ஒரு கோடு கிழிப்பார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேர் அக்கோட்டுக்குக் கீழே நின்று, ஒரு சதமும் இன்றி வீடு திரும்புவர். பிரயாணம், விடுதி, பை சுமப்பவரின் கூலி எல்லாம் அவரவர் கைப்பொறுப்பு. இதைக் கேட்டதும் என் மாணவன், "அப்ப அவங்க வீட்டுக்குப் போக பஸ் காசு யார் சேர் குடுப்பாங்க?" என்றான். பொருளியல் நூல்களை ஓரளவு வாசித்த எனக்கு அதைவிடக் கூர்மையான கேள்வி தோன்றியிருக்காது.

சௌராசியா உயரம் குறைந்தவர். பந்தை மிகத் தொலைவு அடிக்கும் வலிமை அவரிடம் இல்லை. குழிக்கு அண்மையில் பந்தை மெல்ல எழுப்பி இறக்குவதிலும், புற்றரையில் உருட்டிச் சேர்ப்பதிலுமே அவர் வல்லவர். அக்கலைக்கு ஏற்ற களம் 2008இல் வாய்த்தது. அவ்வாண்டு பெப்ரவரியில், ஐரோப்பியச் சுற்றின் போட்டி முதன்முறையாக இந்தியாவில், டில்லிக் கழகத்தில் நடந்தது. அங்கே ஆடுபாதை ஒடுங்கியது, இருபுறமும் புதர். வலிமையால் அடித்த வெளிநாட்டார் பலர் புதருக்குள் பந்து தேட, இவர் இறுதி நாளில் 67 அடிகளில் ஆடி வென்றார். பரிசு நான்கு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். பரிசினும் பெரிது, ஐரோப்பியச் சுற்றில் ஆடும் உரிமை. 2011இல் குர்காவ்னில் மீண்டும் வென்றார்.

ஆனால் அவர் நெஞ்சில் இருந்தது இந்தியப் பகிரங்கப் போட்டியே. 1999இல், தாம் வளர்ந்த கல்கத்தாக் கழகத்திலேயே, அதில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தார். 2006இல் மீண்டும் இரண்டாம் இடம், 2013இலும் அதே. 2015இல் அனிர்பன் லாஹிரியுடன் சமநிலையில் முடித்து, மேலதிக ஆட்டத்தில் தோற்றார். வேறொருவராயின் இப்போட்டி தமக்கு விதிக்கப்படவில்லை என்று ஒதுங்கியிருப்பார், நான் ஒதுங்கியிருப்பேன். 2016இல் டில்லியில் அவர் வென்றபோது, முந்திய ஆண்டு தம்மை வீழ்த்திய லாஹிரியே இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவருள் ஒருவர். முதல் ஏமாற்றத்திற்கும் இவ்வெற்றிக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அடுத்த ஆண்டு ஏழு அடிகள் வித்தியாசத்தில் அதே பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

எமது தீவுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. புகழ்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரரான நந்தசேன பெரேராவின் மகன் மிதுன் பெரேரா, ஆசியச் சுற்றில் ஆடும் உரிமை பெற்ற முதல் இலங்கையர். அனுர றோகணவும், எம் தமிழர் தங்கராஜாவும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்றவர்கள். உள்நாட்டில் போட்டிகளும் பரிசுப் பணமும் மிகக் குறைவாதலின், எம் ஆட்டக்காரர் கடல் கடந்தே உழைக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே, பிழைப்பு உண்டா என்ற கேள்விக்கு, "உண்டு, ஆனால் ஒரு சிலர்க்கே உண்டு, அச்சிலருக்கும் எல்லா வாரமும் இல்லை" என்றே விடை கூறினேன். சாதாரணதரப் பரீட்சையை முதலில் முடிக்கும்படியும் கூறினேன். அதிபர் வேறென்ன கூறுவார்? ஆசிரியரிடம் பேசி, சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிடச் செய்தேன்.

மறுவாரம் பையன் கோணிச் சாக்கில் சுற்றிய துருப்பிடித்த இரும்புக் கோல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அண்ணனுக்கு யாரோ கொடுத்ததாம். வாங்கிப் பார்த்தேன், இடக்கையாளர்க்குச் செய்த கோல். பையனோ வலக்கையன். "பரவாயில்ல சேர், பழகிட்டேன்" என்றான். பாடசாலை மைதானத்தில் அடித்துப் பார்க்க அனுமதி கேட்டான். விஞ்ஞானகூடத்தின் கண்ணாடி யன்னல்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில், யன்னல்களுக்குப் புறங்காட்டி நின்று அடிப்பதாயின் சம்மதம் என்றேன்.