பிள்ளையின் அறிவு வளரும் விதம்

உடலைப் போலவே பிள்ளையின் அறிவும் படிப்படியாக வளர்கின்றது. தம் மூன்று குழந்தைகளையும் உற்றுநோக்கிக் குறிப்பெழுதி இதனை ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஆவார்.

அவர் செய்த எளிய சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு நீரை ஊற்றுங்கள். பிறகு, ஒன்றிலுள்ள நீரைக் குறுகிய, உயரமான குவளைக்கு மாற்றுங்கள். "எதில் நீர் அதிகம்?" என்று கேட்டால், 5 வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமான குவளையையே காட்டும். 8 வயதுப் பிள்ளையோ, "இரண்டும் சமந்தான், அதே நீர்தானே!" என்று கூறும். சிறிய பிள்ளை மந்தமன்று. அதன் பருவம் அத்தகையது.

7 முதல் 11 வயது வரை, கண்டு தொட்டுப் பழகிய பொருள்களைக் கொண்டே பிள்ளைகள் தெளிவாகச் சிந்திக்கின்றனர். ஆகவே, கணக்கு விளங்காத பிள்ளைக்குப் பிரம்பைக் காட்டிப் பயனில்லை. ரப்பர் விதைகளையோ புளியங்கொட்டைகளையோ கொடுங்கள்; எண்ணவும் கூட்டவும் பங்கிடவும் பழக்குங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வயதில் ஒரே படியை எட்டுவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன.

பெற்றோர்களே! வேலை முடிந்து களைத்து வரும் வேளையிலும், "மக்கு" என்னும் சொல் நம் வாயினின்று வர வேண்டா. பொறுமையோடு அருகில் அமர்ந்தால், பிள்ளை தானே அடுத்த படியில் கால் வைக்கும்.