நாற்றத்துக்கும் கணக்கு உண்டு

சென்னையை அடுத்த படூரில் கோடைக்காலத்தில் காற்று ஒரே நாளில் திசை மாறும். காலையில் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கோவளம் பக்கமிருந்து கடற்காற்று. மேற்கே ஒரு கோழிப்பண்ணையோ குப்பைமேடோ இருந்தால், காலையில் மூக்கைப் பொத்துகிறவர் மாலையில் நிம்மதியாக மூச்சுவிடுவார். காற்றின் இந்தக் குணத்தை வைத்தே ஓர் ஆய்வை நடத்திக் காட்டினார்கள், அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிப்பண்ணைகளை ஒட்டி வாழும் மக்கள்.

அங்கே ஆயிரக்கணக்கான பன்றிகளைக் கொட்டகைகளில் அடைத்து வளர்க்கிறார்கள். கழிவு திறந்த குட்டையில் தேங்கும். பிறகு அதை வயல்களில் பீய்ச்சியடிப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை வாடை. அங்குள்ள டில்லரி என்ற ஊரின் மக்கள் அமைப்பும் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீவ் விங்கும் கைகோத்தார்கள். 2003 முதல் 2005 வரை, 16 குடியிருப்புகளில் 101 பேர். ஒவ்வொருவரும் சுமார் இரண்டு வாரம், தினம் இருவேளை, வீட்டுக்கு வெளியே பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள். நாற்றத்துக்கு 0 முதல் 8 வரை மதிப்பெண் போட்டார்கள். பிறகு தாங்களே பிபி பார்த்துக் குறித்துவைத்தார்கள். அதே நேரத்தில் குடியிருப்பில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்த கருவி காற்றை அளந்துகொண்டிருந்தது.

இதில் என்னை வியக்கவைப்பது ஒப்பிட்ட விதம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டிருந்தால், "அவருக்கு வயதாகிவிட்டது, இவர் உப்பை அதிகம் சேர்ப்பவர்" என்று முடிவைத் தட்டிவிடலாம். இவர்களோ, நாற்றமடித்த வேளையின் பிபியை, நாற்றமில்லாத வேளையில் அதே ஆளுக்கு இருந்த பிபியோடு ஒப்பிட்டார்கள். அவருடைய வயதும் பழக்கமும் இரண்டு வேளையும் ஒன்றுதானே! காலை, மாலை வித்தியாசத்தையும் கணக்கில் சரிசெய்துவிட்டார்கள். 2013-ல் முடிவு வெளியானது. காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் ஒரு பங்கு கூடினால், மேல் பிபி சராசரியாக 0.29 புள்ளி ஏறியிருந்தது. நாற்ற மதிப்பெண் கூடக்கூடக் கீழ் பிபியும் ஏறியிருந்தது. சின்ன எண்தான். ஆனால் அந்தக் காற்றையே தினமும் சுவாசிப்பவர்கள் விஷயத்தில் அதைச் சின்னதென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கடலூர். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்தார், எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை என்று எழுதிவந்தார்கள். 2004-ல் வாளியைக் கொண்டு காற்றையும் பிடித்தார்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த காற்றில் 22 நச்சு வேதிப்பொருள்களை ஆய்வகம் கண்டறிந்தது. அவற்றில் எட்டு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

உங்கள் தெருவிலும் நாற்றம் வந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், காற்றின் திசை, வாடை எப்படி, உடம்புக்கு என்ன செய்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். நாற்றமே இல்லாத நாள்களையும் விடாமல் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுக்கும்போது அந்த நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.